நமக்கு மட்டும் தெரிந்த உண்மை

ஹிட்ச்காக்கின் ‘யங் அண்ட் இன்னொசென்ட்’ (1937) தொடங்கும்போதே கொலையாளி யார் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. மனைவியோடு சண்டை போடுகிறான் ஒருவன். அவன் கண்கள் படபடவென்று துடிக்கின்றன. மறுநாள் கடற்கரையில் அவள் பிணம் ஒதுங்குகிறது. அதைப் பார்த்து உதவிக்கு ஆள் தேடி ஓடிய இளைஞன்மேல் பழி விழுகிறது. அவன் ஓடியதையே குற்றத்துக்குச் சான்றாக்கிவிடுகிறார்கள்.

கொன்றது யார் என்ற கேள்வி எனக்கு இல்லை. தெரிந்தும் சொல்ல முடியாத தவிப்புதான் படம் முழுக்க. அந்த இளைஞனை நம்புகிறவள் போலீஸ் தலைமை அதிகாரியின் மகள் எரிகா. அந்த நம்பிக்கை உடனே வருவதில்லை. சந்தேகப்பட்டு, கோபப்பட்டு, அப்பாவை நினைத்துக் கலங்கி, அப்புறம்தான் அவன் பக்கம் வருகிறாள். நோவா பில்பீம் அந்தத் தயக்கத்தை நடித்திருக்கும் விதத்துக்காகவே இந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்க்கலாம். எல்லோரும் புகழ்வது கடைசிப் பகுதியை: ஓட்டல் கூடத்தின் உயரத்திலிருந்து இறங்கும் கேமரா, ஆடுகிறவர்களைத் தாண்டி, டிரம்ஸ் வாசிப்பவனின் துடிக்கும் கண்களில் போய் நிற்கிறது. அபாரமான ஷாட்தான். ஆனால் வாத்தியக்காரர்கள் கறுப்பர்களைப் போல முகத்தில் கரி பூசியிருப்பது இன்று மிகவும் உறுத்துகிறது.

இருபது வருடம் கழித்து ஜோசப் லோசி எடுத்த ‘டைம் வித்தவுட் பிட்டி’யும் கொலையைக் காட்டித்தான் ஆரம்பிக்கிறது. இங்கே பழி சுமக்கும் இளைஞனைத் தூக்கிலிட ஒரு நாள்கூட மீதமில்லை. குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருந்த அப்பா அப்போதுதான் வந்து சேர்கிறார். பிழைப்போம் என்று நினைக்கவே மகனுக்குப் பயம். அவனைக் காப்பாற்ற, கொலையாளியைச் சீண்டித் தன்னையே கொல்ல வைக்கிறார் அப்பா. அப்பாவாக நடித்த மைக்கேல் ரெட்கிரேவின் நடுங்கும் கைகள் மறக்கவே மறக்காது.

‘10 ரில்லிங்டன் பிளேஸ்’ (1971) படமும் கிறிஸ்டி என்பவர் செய்யும் ஒரு கொலையோடு தொடங்குகிறது. ஆனால் இது உண்மைக் கதை; எரிகாவும் இல்லை, அப்படியொரு அப்பாவும் இல்லை. மனைவியையும் கைக்குழந்தையையும் கொன்றது கிறிஸ்டிதான் என்று, குற்றம் சாட்டப்பட்ட திமோதி எவன்ஸ் நீதிமன்றத்தில் சொன்னார். அந்தக் கிறிஸ்டியோ அரசுத் தரப்புச் சாட்சி. ஜூரிகள் அவரைத்தான் நம்பினார்கள். கைக்குழந்தையைக் கொன்றதாக 1950 மார்ச்சில் எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு 25 வயது. எவன்ஸின் மனைவியைக் கொன்றது தானே என்று கிறிஸ்டி ஒப்புக்கொண்டது 1953இல். எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது 1966இல்.