பால் காணாது

பிக்கரிங் வந்தும் எங்கள் பிள்ளைப்பெற்ற வீடுகளில் சுறாப்புட்டுக்குக் குறைவில்லை. குழந்தை வீறிட்டு அழுதால் 'தாய்க்குப் பால் காணாது' என்று நாங்களே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். சிலவேளை குறை பிள்ளையின் நாக்கடியில் இருக்கும். அங்குள்ள சவ்வு கட்டையாக இருந்தால் நாக்கு முன்னே நீளாது. பிள்ளை காம்பை மட்டும் கவ்வும். காம்பு வெடித்துப் புண்ணாகும். மார்பில் பால் தேங்கத் தேங்கச் சுரப்பு உண்மையிலேயே குறையும். பழி தாய்க்கு.

1984இல் ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையில் தாய்ப்பாலுக்கென்று கிளினிக் தொடங்கிய டொக்டர் ஜக் நியூமன், பிள்ளையின் நாடியைப் பார்க்கச் சொல்வார். வாய் அகலத் திறந்து, ஒரு கணம் நின்று மூடினால் பால் இறங்குகிறது.

சவ்வைக் கண்டதும் வெட்ட ஓடுவதும் எங்களுக்குச் சரியாகப் படவில்லை. 302 குழந்தைகள் பற்றிய ஐந்து சோதனைகளை 2017இல் கொக்ரேன் தொகுத்தது. வெட்டியபின் தாயின் வலி சிறிது காலத்துக்குக் குறைந்தது. பிள்ளை குடிப்பது தேறியதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. (இரவிரவாகப் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பவளுக்கு அந்தச் சிறிது காலமும் பெரிதுதான்.) மேலுதட்டுச் சவ்வை வெட்டுவதற்கு ஆதாரம் இன்னும் சொற்பம். முதலில், பிள்ளையை அணைக்கும் விதத்தை விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்திலிருந்து திருத்திப் பார்க்கட்டும். நிறை கூடுகிறதா என்றும் பார்க்கட்டும்.