ஹூ டாவோவை எதைக் கொண்டு எடைபோடுவது?

கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டில் ஹூ டாவோ என்ற பாத்திரத்தைப் புகழ்கிறவர்கள் திரையில் தெறிக்கும் பெரிய எண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அது போதாது. அவளுடைய ஸ்கில், அப்போதிருக்கும் உயிரில் 30 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, அதிகபட்ச உயிரின் அளவுக்கேற்பத் தாக்குதலைக் கூட்டுகிறது. ஆனால் அந்த ஆவேசம் 9 விநாடிதான். மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் கூல்டவுனோ 16 விநாடி. மிச்ச நேரத்தில் அணியிலிருக்கும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அந்த 9 விநாடிக்குள்ளும் அவர்களுடைய துணை தேவை. அணித்தோழன் ஷிங்சியூவின் நீர்வாள்கள் எதிரியை நனைத்துக்கொண்டே இருந்தால், அந்த ஈரத்தில் விழும் அவளுடைய நெருப்பு அடி 1.5 மடங்காகிறது. நீர் இல்லையென்றால் அதே ஆயுதம், அதே உழைப்பு, பலன் மட்டும் குறைவு. ஆகவே அந்தப் பெரிய எண்ணில் பாதிப் பெருமை ஷிங்சியூவுக்குப் போக வேண்டும்.

இப்படி உயிரைச் செலவழித்துப் பாதி உயிரோடு நிற்கிறவள் ஓரடியில் சாய்ந்துவிடுவாளே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உயிர் பாதியிலோ அதற்குக் கீழேயோ இருந்தால்தான் 33 சதவீத நெருப்புச் சேத போனஸ் கிடைக்கிறது. பயந்துபோய் ஹீலரைச் சேர்த்து உயிரை நிரப்பிக்கொண்டே இருந்தால் அந்த போனஸ் வீண். ஒரு நல்ல ஷீல்டு போதும்; அவசரத்துக்கு அவளுடைய பர்ஸ்ட் என்ற பெருந்தாக்குதலே கொஞ்சம் உயிரை மீட்டுத் தரும். புதிதாகச் சேதம் விளைவிக்கும் எந்த டிபிஎஸ் பாத்திரம் வந்தாலும் ஸ்கில் விளக்கத்தில் முதலில் விநாடிகளைப் படியுங்கள். சதவீதத்தை அப்புறம் பார்க்கலாம்.