அனுமன் வேடம்

அனுமன் வேடம் என்றதும் நம் பிள்ளைகள் வாலைக் கட்டிக்கொண்டு ஓயாமல் குதிக்கிறார்கள், உடம்பைச் சொறிகிறார்கள். அவையோர் சிரிக்கிறார்கள். சீதையிடம் கணையாழியைக் கொடுக்கும் கட்டத்திலும் அந்தச் சிரிப்பு அடங்குவதில்லை. அங்கே நாடகம் கெடுகிறது.

விலங்கியல்பை எங்கே காட்டுவது? வான்மீகியைப் பாருங்கள். இராவணன் அந்தப்புரத்தில் உறங்கும் மண்டோதரியைச் சீதையென்று மயங்கிய அனுமன், மகிழ்ச்சி தாளாமல் தோள் கொட்டுகிறான். தன் வாலை முத்தமிடுகிறான். தூணில் ஏறி விழுகிறான். இராமனைப் பிரிந்தவள் இப்படி உறங்குவாளா என்று எண்ணத் தொடங்கியதும் மீண்டும் அறிஞனாகிவிடுகிறான். உள்ளம் கட்டவிழ்ந்த அந்தக் கணத்தில் மட்டுமே குரங்கு வெளிப்படுகிறது. கண்டிய நடனத்தின் 18 வன்னங்களுள் யானைக்குரிய கஜகா வன்னத்தை ஆடுபவனும் தும்பிக்கை கட்டிக்கொள்வதில்லை. நடையிலேதான் யானை வருகிறது.

அட்டனில் ஒத்திகையின்போது, லயத்துக் கூரைகளுக்கு வரும் செங்குரங்குகளைக் கவனித்துவருமாறு மாணவன் ஒருவனிடம் கூறினேன். ஒரு வாரம் கழித்து வந்தான். "அது எந்நேரமும் குதிக்கிறதில்லை, சேர். சும்மாதான் இருக்கும், கண் மட்டும் சும்மா இராது" என்றான். அகப்பட்டதைக் கன்னப்பையில் திணித்துக்கொண்டு ஓடி, அப்பால் போய் மெல்லுவதைக் கண்டிருந்தான். முறைத்துப் பார்த்தால் சண்டைக்கு அழைப்பதாகக் கொள்வதையும், பணியும் குரங்கு பார்வையை விலக்கிக்கொள்வதையும் கண்டிருந்தான். நூறு குதியலிலும் இது மேல்!

நாடகத்தன்று சீதையின் முன் அவன் பார்வையைத் தாழ்த்தியே நின்று கணையாழியை நீட்டினான். குரங்கின் பணிவோ, தூதனின் பணிவோ, பிரித்தறிய இயலவில்லை. முன்வரிசைச் சிறுவர்கள்கூடச் சிரிக்கவில்லை.