புதிய இற்செறிப்பு

அகத்திணை பயில்வோர் இற்செறிப்பு என்னும் சொல்லை நன்கறிவர். மகளின் காதலை ஐயுற்ற தாய் அவளைப் புறஞ்செல்ல விடாது வீட்டினுள்ளே காவலில் வைப்பதே அது. அக்காவலுக்கு வெளியே நின்றவன் தலைவன். காவலைக் கடந்து வருவதே அவனது துன்பமாகவும் பெருமையாகவும் பாடப்பட்டது. இன்று எமது விடுதிகளிலே காவற்காரனின் இருக்கையில் அத்தலைவனே வந்தமர்ந்துள்ளான் என்று கூறின் அது மிகையாகத் தோன்றலாம். விடுதி வாழ்வில் நான் கண்ட ஒன்றை வைத்தே இதனை எழுதுகிறேன்.

இரண்டாம் வருடத்தில் எனது அறையிற் தங்கிய சகமாணவி ஒருத்தியின் காதலன் வேறொரு பல்கலைக்கழகத்திற் பயின்றான். அவளது முகநூற் கடவுச்சொல் அவனிடம் இருந்தது. அவனுடையது அவளிடம் இருக்கவில்லை. வட்ஸ்அப்பில் அவள் இறுதியாக வந்து சென்ற நேரத்தை மறைத்தலாகாது. செய்தியருகே நீலக்குறி விழுந்தால் 5 நிமிடத்துள் மறுமொழி போகவேண்டும். விரிவுரை மண்டபத்தில் இருந்தேன் என்பது ஏற்கத்தக்க காரணமன்று. இரவு 10 மணிக்குக் காணொளி அழைப்பு வரும். அவள் கைத்தொலைபேசியை மெல்லச் சுழற்றி அறையின் நான்கு மூலைகளையும் காட்டுவாள். கட்டிலிற் படித்துக்கொண்டிருந்த நாங்களும் அக்காட்சியுள் அகப்பட்டோம். எங்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. பரீட்சைக் காலத்திற்கூட, அழைப்பு முடியும்வரை போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு காத்திருந்த இரவுகள் பல. இப்போது நினைக்கையிற் சிரிப்புக்கிடமான காட்சிதான். அப்போது எவரும் சிரிக்கவில்லை.

இதனை அவள் அக்கறை என்றே அழைத்தாள். "ஒளிக்க ஒண்டும் இல்லையெண்டால் தாறதுக்கு ஏன் யோசிக்கிறாய்?" என்பது கடவுச்சொல் கேட்டபோது அவன் தொடுத்த வினா. அதற்கு மறுமொழி கிடையாது. கொடுக்கத் தயங்கினால் அத்தயக்கமே குற்றத்துக்குச் சான்றாகிவிடும். பொறாமையைக் காதலின் அளவுகோலாகக் காட்டும் திரைப்படங்களிலே வளர்ந்த எமது தலைமுறைக்கு இவ்வினா நியாயமானதாகவே ஒலிக்கிறது. ஆடவரும் இதற்கு ஆளாகின்றனர். தன் நண்பர் பட்டியலிலிருந்து பெண்கள் அனைவரையும் நீக்குமாறு காதலியாற் பணிக்கப்பட்ட மாணவன் ஒருவனை நான் அறிவேன்; அவனது துன்பம் நண்பர்களுக்குப் பகிடியாயிற்று.

வட்ஸ்அப்பைக் கணினியோடு இணைக்கும் வசதி 2015 ஆம் ஆண்டில் வந்தது. பூட்டுத் திறந்த கைத்தொலைபேசி ஒரு நிமிடம் கையிற் கிடைப்பின், உரியவர் அறியாமலே அவரது உரையாடல்களை வேறொரு திரையில் வாசிக்கலாம். இணைக்கப்பட்ட சாதனங்களைக் காட்டும் பகுதியை ஒருநாள் நாங்கள் திறந்து பார்த்தபோது, அவளுக்குச் சொந்தமல்லாத கணினியொன்று அங்கு இருந்தது. அவள் தன் தாய்க்கு எழுதியவற்றையும் அவன் வாசித்திருக்கிறான்.

அன்றே அவள் விலகியிருக்கலாமே என வாசகர் கேட்கக்கூடும். விலகப்போவதாகச் சொன்ன அன்றிரவே, இருவரும் சேர்ந்தெடுத்த படங்களைத் தந்தைக்கு அனுப்புவேன் என்ற செய்தி வந்தது. எமது ஊர்களில் ஒரு பெண்ணை மிரட்ட ஆடையற்ற படம் தேவையில்லை. கடற்கரையிற் தோளுரசி நின்ற படமே போதும். அப்படத்தைக் கண்டால் தந்தை படிப்பை நிறுத்துவார் என்பது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பழைய இலக்கியம் அலர் என்று கூறிய ஊர்ப்பேச்சின் வலிமையே அவனுடைய படைக்கலம். அதனைத் தீட்டிக் கொடுத்தவர்கள் நாம். காதலித்தமைக்காகப் பெண்ணைத் தண்டிக்கும் வீடும், காதலின் பெயரால் அவளைக் காவலில் வைப்பவனும் ஒருவரையொருவர் அறியாமலே கூட்டாளிகளாகின்றனர்.

சட்டங்கள் இல்லாமலில்லை. பகிடிவதைக்கு எதிராக 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2005 ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் கணவன் மனைவியரையும் ஒன்றாக வாழும் துணைவரையும் கருதுகிறது. வெவ்வேறு விடுதிகளில் வாழும் காதலர் அதன் எல்லைக்குள் வருவதில்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றிப் பிறர் தகவலுட் புகுவதைக் குற்றமாக்கியது. கேளாமல் இணைத்த கணினி அச்சட்டத்துள் அகப்படும். அழுதழுது தன் கையாலே கொடுத்த கடவுச்சொல்லை எதற்குள் அடக்குவது? மேலும், பொலிஸ் நிலையத்துக்குச் செல்வதென்றால் வீட்டுக்குத் தெரியும். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தை நான் எழுதிக் கொடுத்தேன். அத்தாளை அவள் பாடக் குறிப்புகளுக்கிடையே வைத்திருந்தாள்.

இறுதியில் அவள் செய்தது எவரும் எதிர்பாராதது. அவன் அனுப்புமுன்பே படங்களைத் தன் தாய்க்குத் தானே அனுப்பினாள். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் பேருந்தேறி விடுதி வாயிலுக்கு வந்த தாய், தந்தையிடம் தானே பேசியதாகவும் பரீட்சையை எழுதி முடிக்குமாறும் மட்டும் கூறினார். இற்செறித்த தாயரைப் பற்றியே படித்திருந்த எனக்கு அவரை எந்தத் துறையுள் வைப்பதென்று தெரியவில்லை.

இப்போது அவளுக்குப் புதிய தொலைபேசி இலக்கம். வகுப்புக் குழுவில் அதனைச் சேர்க்க அவள் இன்னும் உடன்படவில்லை. அக்குழுவில் அவனுடைய நண்பர் இருவர் உளர். விரிவுரைகளின் நேரமாற்றங்களை நான் அவளுக்கு நேரிற் சென்று சொல்லி வருகிறேன்.