கோயில் வாசல்ல ஒரு மேஜை!

சம்மர் லீவுன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கிரிக்கெட், நுங்கு, மாமா வீடு, மதியத் தூக்கம்... கரெக்டா? எங்க ஊர்ப் பசங்களைக் கேட்டுப் பாருங்க, ‘கோயில்’னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. ‘ஆஹா, என்ன ஒரு பக்தி!’ன்னு அவசரப்பட்டு சர்டிஃபிகேட் கொடுத்துடாதீங்க பாஸ். மேட்டர் வேற!

எங்க ஊர் தூத்துக்குடிக்குப் பக்கத்துல. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம், நடுவுல மாதா கோயில். கத்தோலிக்கர்கள் பாஷையில இதுக்குப் பேரு ‘பங்கு’. ஒரு சாமியார் பொறுப்பில் இருக்கும் கோயில், அதைச் சேர்ந்த குடும்பங்கள், எல்லாம் சேர்ந்துதான் பங்கு. வீடுகளை இருபது, முப்பதாகப் பிரிச்சு ‘அன்பியம்’னு பேர் வெச்சிருப்பாங்க. யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் கடன், யார் வீட்டில் சண்டை... எல்லாமே அன்பியத்துக்கு அத்துப்படி. ஃபேஸ்புக் தோத்துது போங்க!

ஈஸ்டர் முடிஞ்சு, பரீட்சையும் முடிஞ்சா, சின்னப் பசங்களுக்கு மறைக்கல்வி முகாம். காலையில ஒரு பாட்டு, ஒரு கதை, ஒரு நாடகம். பாட்டுக்கு ஆக்‌ஷன் சொல்லிக் கொடுக்கிறது எங்களை மாதிரி காலேஜ் பார்ட்டிகளோட வேலை. நாற்பது வாண்டுகளுக்கு முன்னால தவளை மாதிரி குதிச்சுக் காட்டணும். செமினார்ல நின்னா கை நடுங்குற ஆளா நீங்க? ஒரு வருஷம் இங்கே வந்து குதிங்க, அப்புறம் எந்த மேடையும் உங்களை ஒண்ணும் பண்ணாது!

மே மாசம் மாதாவுக்கான மாசம். தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் ஜெபமாலை. ஜெபம் முடிஞ்சதும் அந்த வீட்டுக்காரங்க சுண்டலோ, பொரிகடலையோ, பானக்கமோ கொடுப்பாங்க. எந்த வீட்டில் என்ன ஐட்டம்ங்கிற உளவுத்துறை ரிப்போர்ட் நாலு மணிக்கே எங்க கைக்கு வந்துடும். புதுநன்மை வாங்குற குட்டீஸ் வெள்ளை டிரெஸ்ல வரிசையா நிக்கிறதும் பெரும்பாலும் இந்த சீஸன்லதான். மே 31-ம் தேதி பவனியோட மாதா மாசம் நிறைவாகும்.

இவ்வளவும் படிச்சுட்டு ‘ஜாலியான ஊர்ப்பா!’ன்னு நினைச்சிருப்பீங்க. ஜாலிதான். ஆனா அதே ரெண்டு மாசத்துக்கு இன்னொரு முகமும் இருக்கு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், எங்க கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும்னு போட்ட சட்டம். 2001-ல் வந்தப்போ 45 நாள், 2017-ல் 61 நாள் ஆச்சு. நாட்டுப்படகுகளுக்குத் தடை கிடையாது. ஆனா விசைப்படகில் கூலிக்குப் போற அண்ணன்மார் ரெண்டு மாசம் கரையில் உட்கார்ந்து வலை பின்ன வேண்டியதுதான். உப்பளத்துல கதை அப்படியே உல்ட்டா. வெயில் ஏற ஏற உப்பு விளையும், உப்பு விளைய விளைய வேலை. விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பணும், இல்லைன்னா வெயில் ஆளைச் சுருட்டிடும். அதாவது ஒரு வீட்டில் அப்பாவுக்கு வேலையே இல்லை, அடுத்த வீட்டில் அம்மாவுக்கு ஓய்வே இல்லை. ஸ்கூல் பீஸ், நோட்டு, யூனிஃபார்ம்னு செலவு வந்து நிக்கிறதும் கரெக்டா அதே ஜூன்லதான்!

இந்த நேரத்துல பங்குல சத்தமில்லாம ஒரு குரூப் வேலை பார்க்கும். வின்சென்ட் தே பவுல் சபைன்னு பேரு. பெரும்பாலும் அறுபதைத் தாண்டின பெருசுகள். வாரா வாரம் கூடுவாங்க, ஜெபம் சொல்வாங்க, அப்புறம் ஒரு துணிப் பை சுத்தி வரும். அதுக்குப் பேரு இரகசியப் பை. கையை உள்ளே விட்டு, மூடின கையோட வெளியே எடுக்கணும். யார் நூறு போட்டாங்க, யார் பத்து போட்டாங்கன்னு பக்கத்துல இருக்கிறவருக்குக்கூடத் தெரியாது. நம்ம ஊர்ல டியூப் லைட் மேலயே உபயதாரர் பேரை எழுதி வெளிச்சத்தை மறைக்கிறவங்க இருக்காங்களே... அவங்க இந்தப் பையை ஒரு தடவை பார்க்கணும்!

கஷ்டப்படுற வீடுகளுக்கு ரெண்டு ரெண்டு பேராப் போவாங்க. வாசல்ல நின்னு அரிசியைக் கொடுத்துட்டுத் திரும்ப மாட்டாங்க. உள்ளே போய், உட்கார்ந்து, கருப்பட்டிக் காபி கொடுத்தா குடிச்சுட்டு, பேசிட்டுத்தான் வருவாங்க. நோ போட்டோ! மதம் பார்க்கிறதும் இல்லை.

இந்தப் பெருசுகள் சபையை ஆரம்பிச்சது யாருன்னு தேடினப்போதான் எனக்கு ஷாக். பிரெடரிக் ஓசானாம்னு ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்! பாரிஸ்ல சட்டம் படிச்சுக்கிட்டு இருந்தவர். நண்பர்களோட சேர்ந்து விவாத மன்றம் நடத்தி, ‘கிறித்தவம் உலகத்துக்கு எவ்வளவு நல்லது செஞ்சிருக்கு தெரியுமா?’ன்னு பேசிக்கிட்டு இருந்தார். எதிரணியில் ஒருத்தர், ‘அதெல்லாம் பழைய கதை, நீங்க இப்போ என்ன செய்றீங்க?’ங்கிற அர்த்தத்துல கேட்டுட்டார். விவாதத்தில் ஜெயிக்கிறதை விட்டுட்டு, அந்தக் கேள்விக்குப் பதிலா நண்பர்களைச் சேர்த்து ஆரம்பிச்சதுதான் இந்தச் சபை. பாரிஸின் ஏழை வீடுகளுக்கு அவங்களை வழிகாட்டி அனுப்பினது ரோசலி ரெந்துன்னு ஒரு சிஸ்டர். முதல் கூட்டம் நடந்தது 1833 ஏப்ரல் 23. அன்னிக்குத்தான் ஓசானாமுக்கு இருபது வயசு முடிஞ்சுது! நாற்பது வயசிலேயே இறந்துட்டார். 1997-ல் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் கொடுத்தார்.

இருபது வயசு... என் வயசு. ‘நீங்க இப்போ என்ன செய்றீங்க?’ன்னு யாரோ 1833-ல் கேட்டது, நேரா எங்க வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்த மாதிரி இருந்துச்சு. எங்ககிட்ட பணம் இல்லை. ஆனா ஃபார்ம் ஃபில்லப் பண்ணத் தெரியும், லேப்டாப் இருக்கு, கவுன்சலிங்கில் உருண்டு புரண்ட அனுபவம் இருக்கு. சாமியார்கிட்ட கேட்டு, கோயில் வாசல்ல வேப்பமரத்தடியில் ஒரு மேஜை போட்டோம். பத்தாவது, பிளஸ் டூ முடிச்ச யார் வேணும்னாலும் வரலாம். அவ்வளவுதான் பிளான்!

கேட்கச் சின்ன விஷயம். உட்கார்ந்தாத்தான் தெரியும் எவ்வளவு சிக்கல்னு. அண்ணா பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு 2007-ல் ஒழிஞ்சது, 2018-ல் கவுன்சலிங் ஆன்லைனுக்கு வந்தது. எல்லாம் சரி. ஆனா சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றுன்னு ஒவ்வொண்ணுக்கும் இ-சேவை மையத்துக்கு அலையணும். தடைக்காலத்துல பஸ் காசுக்கே யோசிக்கிற வீட்டுக்கு அதுவே பெரிய மலை.

ஒரு உதாரணம் சொல்றேன். ஆதிதிராவிடக் குடும்பம் கிறித்தவத்துக்கு மாறியிருந்தா, எத்தனை தலைமுறை ஆனாலும் தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் பி.சி. பிரிவில்தான். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி அவங்க எஸ்.சி. பட்டியலில் வர மாட்டாங்க. அந்த ஆணையை 1956-ல் சீக்கியர்களுக்கும், 1990-ல் பௌத்தர்களுக்கும் திருத்தினாங்க, கிறித்தவர்களுக்குத் திருத்தலை. பெரியப்பா பையனுக்கு ஒரு கோட்டா, சித்தப்பா பையனுக்கு இன்னொரு கோட்டா. ‘தெரு ஒண்ணு, சாதி ஒண்ணு, கவுன்சலிங் மட்டும் எப்படிண்ணே வேற?’ன்னு ஒரு தம்பி கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. ஆனா மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை கல்வி உதவித்தொகை கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் உண்டு. நிறைய வீடுகளுக்கு அது தெரியவே தெரியலை. தெரியாததால விட்டுப்போன பணம் எவ்வளவு இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

இப்போ அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன். அவங்க அம்மா உப்பளத் தொழிலாளி. ஒரு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மேஜைக்கு வந்தாங்க. “தம்பி, சாமிகிட்ட ஒரு லெட்டர் வாங்கித் தாங்க. இவள மீன் கம்பெனில சேக்கணும்”னாங்க. மார்க் லிஸ்ட்டைப் பார்த்தா 600-க்கு 512, மேத்ஸ் குரூப்! அவ ஒண்ணும் பேசலை, கோயில் சுவரையே பார்த்துக்கிட்டு நின்னா.

“அத்தை, இன்ஜினீயரிங் போடலாம். முதல் பட்டதாரி சலுகை இருக்கு, டியூஷன் பீஸ் குறையும்”னேன். 2010-ல் வந்த சலுகை அது. குடும்பத்துல யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது, ஒருத்தருக்குத்தான் கிடைக்கும்னும் சொன்னேன்.

அந்த அம்மா டக்குனு கேட்டாங்க... “ஒருத்தருக்குத்தானா? அப்போ அத சின்னவனுக்கு வெச்சிக்கிடலாமே தம்பி.”

சின்னவன் அப்போ எட்டாவது!

நான் வாயடைச்சுப் போயிட்டேன். கொடுமைக்கார அம்மா இல்லைங்க அவங்க. ஒரே ஒரு சீட்டுத்தான் கையில் இருக்கு, ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. இப்படி ஒரு கணக்கு என் புக்குல எங்கேயும் இல்லை.

பக்கத்துல வின்சென்ட் சபைப் பாட்டி ஒருத்தங்க உட்கார்ந்திருந்தாங்க. கையெழுத்துக்குப் பதிலா கைநாட்டு வைக்கிறவங்க. அந்த வீட்டுக்கு வருஷக்கணக்கா போய் வர்றவங்க. மெதுவா எழுந்து வந்து, “ஏட்டி, ஒன் காலக் காட்டு”ன்னாங்க. அந்த அம்மா தயங்கினாங்க. உப்புத் தண்ணியில் வருஷக்கணக்கா நின்ன பாதம், வெடிச்சு, வெளுத்துப் போயிருந்துச்சு. “இந்தக் காலத்தான் இவளுக்குச் சீதனமாக் குடுக்கப் போறியா? சின்னவன் பாத்துக்கிடுவான். இவ படிச்சி வந்து அவனப் படிக்க வெப்பா”ன்னாங்க பாட்டி.

ஒரே நாள்ல சினிமா மாதிரி மனசு மாறலை. அதுக்கப்புறம் நாலு தடவை பாட்டி அந்த வீட்டுக்குப் போனாங்க. ரெண்டு தடவை நானும் கூடப் போனேன். செலவுக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினேன். வின்சென்ட் சபை விண்ணப்பக் கட்டணத்தைக் கட்டிச்சு. 2022-ல் தொடங்கின புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படிச்ச பொண்ணுங்களுக்கும் அது 2024-ல் வந்துட்டதால, எங்க ஊர் ஆர்.சி. ஸ்கூல் பொண்ணான அவளுக்கும் கிடைச்சுது. வீட்டில் இருந்தே போய் வர்ற தூரத்துல காலேஜ். இப்போ செகண்ட் இயர்!

எல்லாக் கதையும் இப்படி முடியலை. அதே வரிசையில் நின்ன ஒரு பையன், எல்லாச் சான்றும் வாங்கின பிறகு, அப்பாவோட கடனுக்காக கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டான். அவனோட ஃபைல் இன்னும் எங்க பெட்டியில்தான் இருக்கு. தூக்கிப் போட மனசு வரலை.

‘கோயில் வாசல்ல மேஜை போட்டா மதம் மாத்துறீங்களான்னு கேட்க மாட்டாங்களா?’ன்னு உங்களுக்குத் தோணலாம். கேட்டாங்க. பதில் சொல்லலை, கூப்பிட்டு உட்கார வெச்சோம். எங்க மேஜையில் ஜெபம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. அடுத்த வாரம், கேள்வி கேட்ட அண்ணாச்சியே அம்மன் கோயில் தெருப் பசங்க மூணு பேரைக் கூட்டிட்டு வந்தார்.

சரி, உங்க விஷயத்துக்கு வருவோம். நீங்க கோயிலுக்குப் போறவரா, மசூதிக்குப் போறவரா, எங்கேயும் போகாதவரா... எனக்குத் தெரியாது, தேவையும் இல்லை. கவுன்சலிங்ல அலைஞ்சு திரிஞ்சு ஒரு சீட் வாங்கினவர்தானே நீங்க? அந்த அலைச்சல் உங்க தெருவுல யாருக்கோ இந்த ஜூன்ல வேணும். ஒரு மேஜை, ரெண்டு சேர், ஒரு லேப்டாப் போதும். முடிஞ்சா, காலைப் பார்த்துப் பேசத் தெரிஞ்ச ஒரு பாட்டியையும் பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க!