கேட்டலும் சுழலலும்

கோடம்பாக்கத்தில் வசிக்கும் எங்களுக்கு, சூஃபி என்ற சொல் தர்காக்களின் வழியே வந்ததைக் காட்டிலும் திரையிசையின் வழியேதான் அதிகம் வந்து சேர்ந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ஒலிப்பதிவுக்கூடம் இங்கேதான் இருக்கிறது. 2008-இல் வெளிவந்த 'ஜோதா அக்பர்' படத்தில் அவர் இசையமைத்துப் பாடிய 'க்வாஜா மேரே க்வாஜா' பாடலின்போது, வெண்ணிற அங்கிகள் விரியத் தர்வேஷ்கள் சுழல்வார்கள். பரவசமுற்ற அக்பரும் எழுந்து சுழல்வார். நாங்கள் சொக்கித்தான் போனோம்.

எனினும் அக்காட்சியில் இரு வேறு மரபுகள் இணைந்திருக்கின்றன. பாடல், அஜ்மீரில் அடங்கியிருக்கும் க்வாஜா முயீனுத்தீன் சிஷ்தியைப் போற்றுவது. சுழலலோ, 1273-இல் துருக்கியின் கோன்யா நகரில் மறைந்த ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்த மெவ்லவிகளுடையது.

சிஷ்திகளின் வழி கேட்டல். முயீனுத்தீனின் சீடர் குத்புத்தீன் பக்தியார் காக்கி, 1235-இல் ஒரு பாரசீகக் கவிதையைக் கேட்ட பரவசத்திலேயே உயிர்நீத்தார் என்று அம்மரபு சொல்கிறது. நம் நாகூரில் தாயிரா தட்டிப் பாடும் ஃபகீர்களின் பாடலும் கேட்டு உருகுவதற்கானதே.

மெவ்லவிகளின் வழி கட்டுப்பாடு. சீடராக வருபவர் 1001 நாட்கள் மடத்தின் சமையற்கூடத்தைச் சார்ந்து தொண்டாற்ற வேண்டும். பலகையில் அறைந்த ஆணியை இடக்கால் விரல்களுக்கிடையே பொருத்திச் சுழலப் பழக வேண்டும். உயர்ந்த தொப்பி கல்லறைக்கல். வெள்ளை அங்கி கஃபன் துணி. வானோக்கிய வலக்கை பெறுகிறது, மண்ணோக்கிய இடக்கை அதை வழங்கிவிடுகிறது. நடுவில் நிற்பவருக்கென எதுவும் எஞ்சுவதில்லை.

திரைக்கு வந்ததால் அது போலியாகிவிட்டது என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. 1925-இல் துருக்கி அரசு தைக்காக்களை மூடியது. 1950-களில் கோன்யாவில் சுழலல் மீண்டபோது, பண்பாட்டு நிகழ்ச்சி என்ற பெயரில்தான் அனுமதி கிடைத்தது. பார்வையாளர்களுக்கு முன் காட்சியாக நின்றுதான் அவ்வழிபாடு உயிர் பிழைத்தது.

ஆனால் ஒன்று: கேட்டலைப் படமெடுக்க முடியாது. செவி திறந்து அசையாமல் அமர்ந்திருப்பவரைக் கேமரா எவ்வளவு நேரம் காட்டும்? ஆகவேதான் அஜ்மீரின் பாடலுக்குக் கோன்யாவின் ஆடல் தேவைப்பட்டது. கண்ணுக்கு விருந்துதான், மறுப்பதற்கில்லை. இருந்தும் க்வாஜாவின் பெயரை அவருடைய வழியிலேயே பெற வேண்டுமானால், அப்பாடலைத் திரையின்றி, கண்மூடிக் கேட்பதே தகும் என்று எங்களுக்குப் படுகிறது.