வெள்ளை ரோட்டில் எட்டு நாள்

பிரான்சுக்குப் போய் வந்தேன்னு சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "ஈஃபில் கோபுரம் பாத்தீங்களா?" பாக்கலை. பாரிஸ் ஏர்போர்ட்டில் விமானம் மாறினதோட சரி. நான் பார்த்தது கோதுமைத் தாளடி, சூரியகாந்தி, திராட்சைக் கொடி, வாய்க்கால், அப்புறம் ஆள் நடமாட்டமே இல்லாத தார் ரோடு. அதைப் பத்தித்தான் இந்தத் தடவை எழுதப் போறேன்.

மூணு ஏக்கர் வச்சிருக்கிறவன் எப்படி அங்க போனான்னு கேக்கலாம். எங்க பாகூர்ப் பக்கம் இது பெரிய அதிசயம் இல்லை. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேர்ந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்னு எழுதிக் கொடுத்த குடும்பங்கள் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரை இன்னைக்கும் 'சொல்தா' என்றுதான் சொல்வோம். என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது அப்படி ஒரு சொல்தா வீட்டில். இப்ப அவங்க தெற்குப் பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருக்காங்க. போன ஜூலையில், சம்பாவுக்கு நாற்று விடுறதுக்கு முன்னாடி கிடைச்ச ஒரு மாசத்தில் போயிருந்தேன்.

"மாமா, ஊர்ல தினம் சைக்கிள்தானே மிதிக்கிறீங்க, வாங்க எட்டு நாள் சுத்திட்டு வரலாம்" என்றான் அக்கா மகன். ரெண்டு சைக்கிள், பின்னாடி ரெண்டு பக்கமும் பை, ஒரு கூடாரம். முதல் நாளைக்கு மட்டும் அக்கா புளிசோறு கட்டிக் கொடுத்தாங்க.

துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் ரோடே இல்லை, வாய்க்கால் கரை. கனால் து மிதி என்று பேர். 1666-ல் வெட்ட ஆரம்பிச்சு 1681-ல் முடிச்சது. துலூஸிலிருந்து மத்தியதரைக் கடல் வரைக்கும் 240 கிலோமீட்டர். வெட்டினவர் ரிக்கே. அவர் எஞ்சினியர் இல்லை, உப்பு வரி வசூலிச்சவர். வாய்க்கால் திறக்கிறதுக்குச் சில மாசம் முன்னாடி செத்துப் போனார். கரை நெடுக பிளேன் மரங்கள், மொத்தம் 42,000 இருந்ததாம். 2006-ல் ஒரு பூஞ்சை நோய் வந்ததிலிருந்து வெட்டி வெட்டி அங்கேயே எரிக்கிறாங்க. வெட்டின இடத்தில் வெயில் சுரீர்னு அடிக்குது.

எனக்கு மண்டையைக் குடைஞ்ச விஷயம் வேற. நொரூஸ் என்கிற இடம் வாய்க்காலோட உச்சி, கடல் மட்டத்திலிருந்து 189 மீட்டர். அங்கிருந்து தண்ணி ரெண்டு பக்கமும் இறங்குது, ஒரு பக்கம் அட்லாண்டிக், ஒரு பக்கம் மத்தியதரைக் கடல். சரி, மேட்டுக்குத் தண்ணி எப்படி வந்தது? ரிக்கே கருப்பு மலை என்கிற மலையில ஓடுற ஓடைகளை எல்லாம் மடக்கி, ஒரு சின்ன ஊட்டு வாய்க்கால் வழியா நொரூஸுக்குக் கொண்டு வந்து விட்டிருக்கார். எங்க பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணியைக் கொண்டு வருற பங்காரு வாய்க்கால் மாதிரியேதான். அந்த ஊட்டு வாய்க்கால் கரையையே புடிச்சு மலை அடிவாரம் வரைக்கும் மிதிச்சோம். வாட்டம் இருக்கிறதே தெரியலை, ஆனா தண்ணி ஓடுது. வாட்டம் புடிச்சவன் கைக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

வாய்க்கால் கரையை விட்டா அடுத்தது வெள்ளை ரோடு. மிச்செலின் டயர் கம்பெனி போடுற மேப்பில் பெரிய ரோடு சிவப்பு, அடுத்தது மஞ்சள், கடைசியா வெள்ளை. அக்கா மகனோட சட்டம் ஒண்ணுதான்: வெள்ளையிலேயே போகணும், அது எத்தனை கிலோமீட்டர் சுத்தினாலும் சரி. ஒரு மணி நேரத்துக்கு நாலஞ்சு வண்டி வரும். வர்றவனும் ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகணும்னு சட்டம். வளைவில் இடம் இல்லைன்னா ஹாரன் அடிக்காம பின்னாடியே உருட்டிக்கிட்டு வர்றான். எங்க நாலு வழிச் சாலையில் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறவனுக்கு இது புரியவே நேரமாகும். முதல் ரெண்டு நாள், பின்னாடி வண்டி வருதோ இல்லையோ, நான் தன்னால மண்ணுக்கு இறங்கி ஒதுங்கினேன். "மாமா, ரோடு உங்களுதுதான்" என்று அவன் சொல்லிக்கிட்டே வந்தான்.

இவ்வளவு ரோடு எதுக்கு? யாருமே போகாத ரோட்டுக்கு இத்தனை தார் எதுக்கு? ரெண்டாம் நாள் ராத்திரி கேட்டேன். 1836-ல் ஒரு சட்டம் போட்டாங்களாம், ஒவ்வொரு கிராமமும் தன் ரோட்டைத் தானே பராமரிக்கணும்னு. கிராமம் நிறைய ஜனங்க இருந்த காலம் அது. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் சந்தைக்குப் போக வர இருந்த ரோடு. ரோடு அப்படியே இருக்கு, ஜனங்கதான் போயிட்டாங்க. பிரான்சில் இருக்கிற கிட்டத்தட்ட 35,000 ஊராட்சியில் பாதிக்கு மேல 500 பேர் கூட இல்லை.

அதுக்கப்புறம் எனக்கு அந்த அமைதி வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சது. ஒவ்வொரு ஊர் நடுவிலும் ஒரு கல்தூண், 1914-லிருந்து 1918 வரைக்கும் நடந்த சண்டையில் செத்தவங்க பேர் வெட்டியிருக்கும். அந்தச் சண்டையில் பிரான்சுக்கு 13 லட்சம் பேருக்கு மேல போனாங்க, பெரும்பங்கு நம்மைப் போல ஏர் புடிச்சவங்க. ஒரு சின்ன ஊரில் எண்ணிப் பார்த்தேன், 31 பேர். ஒரே வீட்டுப் பேர் மூணு தடவை வருது. திறந்திருந்த வீட்டுக் கதவையும் எண்ணினேன், பதினொண்ணு. டீக்கடை மாதிரி ஒண்ணு கூட இல்லை. ரொட்டிக்கு ஒரு மிஷின் வச்சிருக்காங்க, காசு போட்டா நீட்டு ரொட்டி வந்து விழுது. தண்ணி வேணும்னா சுடுகாட்டுக்குப் போகணும்! ஆமாங்க, கல்லறைப் பூவுக்கு ஊத்த அங்கே கட்டாயம் ஒரு குழாய் இருக்கும், சைக்கிள்காரங்க எல்லாம் அங்கதான் பாட்டில் நிரப்புறாங்க. முதல் நாள் எனக்குத் தொண்டையில இறங்கலை. மூணாவது நாள் முகமே கழுவினேன்.

மலைக்கு இந்தப் பக்கம், லோராகே சமவெளியில், கோதுமை அறுத்து முடிச்சிருந்தது. சூரியகாந்தி பூத்து நின்னது. 2020-ல் பிரான்சில் ஒரு பண்ணைக்குச் சராசரி 69 ஹெக்டேர் இருந்தது, அதாவது 170 ஏக்கர். 2010-லிருந்து 2020-க்குள்ள ஒரு லட்சம் பண்ணை குறைஞ்சு போச்சு. நிலம் எங்கேயும் போகலை, பக்கத்துக்காரன் கைக்குப் போச்சு. மூணு மணி நேரம் மிதிச்சோம், வயலில் பார்த்த ஆள் ரெண்டே பேர், ரெண்டு பேரும் ஏசி டிராக்டருக்குள்ள.

இந்தச் சமவெளி ஒரு காலத்தில் பணத்தில் புரண்ட பூமியாம். பாஸ்டெல் என்று ஒரு செடி, அதோட இலையை அரைச்சு உருண்டை புடிச்சு காய வச்சா நீலச் சாயம். 16-ம் நூற்றாண்டில் துலூஸ் வியாபாரிங்க கட்டின மாளிகை எல்லாம் அந்த உருண்டைக் காசு. அதைக் கவுத்தது எது தெரியுமா? நம்ம ஊர்ச் செடி. கப்பலில் இந்தியாவிலிருந்து அவுரி நீலம் போனதும் பாஸ்டெல் படுத்துருச்சு. 1609-ல் அவுரி நீலத்தைத் தொட்டா மரண தண்டனைன்னு அவங்க ராஜா நாலாம் ஹென்றி உத்தரவே போட்டிருக்கார், அப்பவும் தாங்கலை. திண்டிவனம் பக்கம் இன்னைக்கும் அவுரி போடுறாங்க. நானே தழை உரத்துக்கு மடக்கி உழுதிருக்கேன். அந்தச் செடி இங்க வந்து எத்தனை குடும்பத்தைக் காலி பண்ணியிருக்கும்னு நினைச்சுக்கிட்டே ஒரு அஞ்சு கிலோமீட்டர் பேசாம மிதிச்சேன்.

கருப்பு மலை ஏத்தம் கொஞ்சம் கஷ்டம்தான், ஓக், செஸ்நட் காடு, நிழல் இருந்ததால தப்பிச்சேன். அந்தப் பக்கம் இறங்கினா உலகமே மாறிடுது. வெள்ளைக் கல், காய்ஞ்ச புதர், சில்வண்டுச் சத்தம், கண்ணுக்கெட்டின வரைக்கும் திராட்சை. வடமேற்குக் காத்து முதுகைத் தள்ளுது.

மினெர்வுவா என்கிற அந்தத் திராட்சைச் சீமையில் ஒருத்தர் கொட்டகை நிழலில் உக்காரச் சொல்லி தண்ணி கொடுத்தார். என் வயசுதான் இருக்கும். ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் துலூஸில் வேலை. எதிர்ல பாதி நிலம் வெறுமனே கிடந்தது. கொடியைப் புடுங்கிட்டாராம். ஒயின் விக்கலை, 2024-ல் அரசாங்கமே புடுங்குறதுக்கு ஹெக்டேருக்கு 4,000 யூரோ கொடுத்தது. "உங்க ஊரில் வயசானவங்க நிலத்தை யாருக்கு விக்கிறாங்க?" என்று கேட்டார். மனைக்காரங்களுக்கு என்று சொல்லச் சொன்னேன். அக்கா மகன் அதை மொழிபெயர்க்க ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டான். அவர் யோசிச்சுட்டு, "அப்ப அங்க ஆளாவது இருப்பாங்க" என்றார். எனக்குப் பதில் வரலை. என் நிலத்துக்கு மூணு பக்கமும் மஞ்சக்கல் நட்டாச்சு, நாலாவது பக்கம் ரோடு. புரோக்கர் சொன்ன விலை என் பையனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கிறதில்லை.

கடைசி நாள் பெசியே ஊருக்கு முன்னாடி ஆன்செரூன் என்கிற குன்றில் ஏறினோம். கீழே மொந்தாதி ஏரி. ஏரின்னு பேர்தான், 1247-ல் அனுமதி வாங்கித் தண்ணியை வடிச்சு வயலாக்கிட்டாங்க. வடிகால் எல்லாம் நடுவில் ஒரு புள்ளிக்கு ஓடுது, அங்கிருந்து குன்றுக்கு அடியில் ஒரு கிலோமீட்டருக்கு மேல சுரங்கம். மேலேருந்து பார்த்தா வண்டிச் சக்கரத்தைப் படுக்க வச்ச மாதிரி, ஒவ்வொரு ஆரத்துக்கு நடுவிலும் ஒரு வயல்.

சென்னையில் இருக்கிற பையனுக்கு வீடியோ கால் போட்டேன். போனைத் திருப்பி மெதுவா ஒரு சுத்து காட்டினேன். "செமையா இருக்குப்பா" என்றான். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தான். "ஏம்பா, யாருமே இல்லையே?"

தூரத்தில் ஒரு டிராக்டர் புழுதி கிளப்பிக்கிட்டுப் போச்சு. அது தெரியுதான்னு போனை அந்தப் பக்கம் காட்டினேன்.